நாற்காலியைச் சூடாக்கியவன்

சீனாவில், லிலிங்கில் பதினொரு வருடமாக இருக்கிறேன். பீங்கான் தட்டும் கிண்ணமும் செய்கிற ஊர். செய்தது வளைந்திருக்கிறதா, மெருகில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால் கப்பலுக்கு அனுப்புவதும் இல்லையென்றால் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்புவதும் என் வேலை. மாசிலாமணி என்ற என் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வயதில் மூத்தவன் என்பதற்கு முன்னால் ஒரு லாவ் சேர்த்து, லாவ் மா என்று கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

வெளிநாட்டுக்காரன் இங்கே கல்யாணத்துக்குப் போனால் இரண்டு ஆபத்துகள் உண்டு. மேடையில் ஏற்றி, மைக்கைக் கையில் கொடுத்து, சீனத்தில் வாழ்த்தச் சொல்வார்கள். விழுகிற கைதட்டல் வாழ்த்துக்கு அல்ல, பேசத் தெரிந்த கிளிக்கு. இன்னொன்று, தகுதிக்கு மீறிய இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நான் ஒரு மருந்து வைத்திருந்தேன். சீக்கிரம் போய், சமையல் கொட்டகையை ஒட்டிய மேசையில், கைக்குழந்தைக்காரிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து மேடை தெரியாது. சாப்பாடும் அடுப்பிலிருந்து நேராக வரும்.

யாயுன் கல்யாணத்தில் அந்த மருந்து பலிக்கவில்லை.

யாயுன் என் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். ஒரு கிண்ணத்தை விரலால் சுண்டிப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள். லிலிங் பேச்சில் எனக்குத் தெரிந்த வசவுகளில் பாதி அவள் சொல்லிக் கொடுத்தவை. பத்திரிகை கொடுத்தபோதே கண்டிப்பாகச் சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு நேரா போயிடாதீங்க. எங்க வீட்டுக்கு வந்து, எங்க ஆளுங்களோட வேன்ல வாங்க. எங்க பக்கத்துல ஆம்பளைங்க கம்மி."

உண்மைதான். அவளுடைய அப்பா அவள் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே போய்விட்டார். இருந்த ஒரே ஆண் துணை தாய்மாமன் லியாவ் தெபின். சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் கொக்கியில் தொங்கிய பன்றிகளில் பல யாயுனின் கல்லூரிக்குப் போயின. அவருக்குப் பிள்ளை கிடையாது. கூடப் பிறந்தவள் யாயுனின் அம்மா ஒருத்திதான்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை ருய் பூ ஒட்டிய கறுப்புக் காரில் வந்து யாயுனை அழைத்துக்கொண்டு போனான். பின்னாலேயே வாடகை வேனில் நாங்கள் கிளம்பினோம். சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய்க் கொட்டைச் செடிகள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. குளிர் தொடங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெபின் மாமா திடீரென்று இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"லாவ் மா, மோந்து பாரு. வாடை அடிக்குதா?"

"சோப்பு வாடைதான் மாமா அடிக்குது."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு. ரெண்டு நாளா கடையே தொறக்கல. இன்னைக்கு முதல் நாற்காலியில உக்காரப்போறேன். நாலு பேரு கிட்ட வந்து மதுக் கிண்ணத்த நீட்டுவான். கறிக்கடைக்காரன்னு மூக்கச் சுளிச்சிடக்கூடாது பாரு."

பின் இருக்கையிலிருந்து யாயுனின் அம்மா சிரித்தாள். "ஒரு வாரமா இதே பாட்டு. தம்பி, இது அவ கல்யாணமா, உன் கல்யாணமா?"

"உனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. எனக்கு இருக்கறது ஒரே அக்கா. இந்த நாற்காலி எனக்கு வாழ்க்கையில ஒரு தடவைதான். ஓட்டாத."

வானத்தில் இடி பெரியது, பூமியில் மாமன் பெரியவன் என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் வாசலைப் பார்த்த முதல் நாற்காலியில் உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று அந்த வீடும் ஊரும் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் சாட்சி. நாளை ஒரு சண்டை என்றால் அவர் வந்து கேட்கலாம். குழந்தை பிறந்தால் அரிசியும் முட்டையும் சுமந்துகொண்டு வரலாம். அவர் சாப்பிடாமல் திரும்பிவிட்டால் அந்த வாசல் அவருக்கும் அடைத்தது, பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசலும் பாதி அடைத்தது. எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பிறந்த ஊரிலும் மாமன் முறுக்கிக்கொண்டால் பந்தி நிற்கும்.

மாமா சட்டைப்பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தார். புகைபோட்டு இனிப்பேற்றிய இந்த ஊர்ப் பாக்கு முதல் கடியில் காதைச் சூடாக்கும். மென்றுகொண்டே போனோம்.

மாப்பிள்ளை வீடு ஊருக்கு வெளியே இருந்தது. முற்றம் முழுக்கச் சிவப்புப் பந்தல், அதன் கீழே மேசைகள், பிளாஸ்டிக் முக்காலிகள். மாப்பிள்ளையின் அப்பா திங் முதலாளிக்குக் கிண்ணத் தொழிற்சாலை இருக்கிறது. அவருடைய சரக்கை நான் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்களைக் கண்டதும் சரவெடியைக் கொளுத்தினார்கள். புகையில் பக்கத்தில் நிற்பவன் முகம்கூடத் தெரியவில்லை.

பெண் வீட்டார் வாசலில் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் வந்து சிகரெட்டும் பாக்கும் நீட்டி, "உள்ளே வாங்க" என்று மாமனை முன்னால் விட்டு அழைத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் திங் முதலாளி புகைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது நான்.

"மேனேஜர் மா! நீங்களா! யாயுன் சொல்லவே இல்லையே!"

"நான் பொண்ணு வீட்டோட வந்திருக்கேன் முதலாளி. இவருதான் பொண்ணுக்கு..."

"வாங்க வாங்க வாங்க! டேய், படம் எடுக்கறவன எங்க?"

பட்டாசுச் சத்தத்தில் என் மீதிப் பேச்சு காணாமல் போயிற்று. முதலாளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கிண்ணம் சுட்டுப் பழகிய கை, பிடித்தால் விடாது. முற்றத்தைத் தாண்டும்போது வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"வெளிநாட்டு விருந்தாளி! நம்ம கல்யாணத்துக்கு! நம்ம மருமக ஆபீஸ்லேர்ந்து!"

மற்றத் தொழிற்சாலை முதலாளிகள் எழுந்து பார்த்தார்கள். அது போதும் அவருக்கு. கூடத்துக்குள் நுழைந்து, தலைமை மேசையில், வாசலைப் பார்த்த மர நாற்காலியில் என்னை அழுத்தி உட்கார வைத்தார். அந்த மேசையில் மற்றதெல்லாம் முக்காலி. கைப்பிடி வைத்த நாற்காலி அது ஒன்றுதான்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன்.

"முதலாளி, இது மாமாவோட நாற்காலி."

"பாத்தீங்களா!" முதலாளி மேசையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம மரியாதையெல்லாம் எப்படிக் கத்துவச்சிருக்காரு பாருங்க!"

"மரியாதைக்குச் சொல்லல. நெசமாவே நான் இங்க உக்காரக்கூடாது."

"நம்ம ஊர்க்காரனே இவ்வளவு மறுக்கமாட்டான்!" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். எல்லோருமாகச் சேர்ந்து என் தோளை அழுத்தினார்கள்.

இந்த ஊரில் நாற்காலியை மறுப்பதுதான் மரியாதை. மூன்று முறை மறுப்பவன் நல்லவன். ஐந்து முறை மறுத்தால் இன்னும் நல்லவன். எத்தனை முறை மறுத்தாலும் உண்மையாகவே வேண்டாம் என்கிறான் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. நான் எழ எழ என் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அழுத்துகிற கைகளும் கூடின.

முதல் நாற்காலியில் ஒரு வசதி உண்டு. கூடத்து வாசல் வழியாக முற்றம், வெளிக்கதவு, அதற்கு அப்பால் எங்கள் வேன், எல்லாம் நேர்க்கோட்டில் தெரியும். அதனால் நடந்தது முழுவதையும் பார்த்தேன். வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். புகை கலைந்துவிட்டது. யாரும் வரவில்லை. யாயுனின் அம்மா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஒரு வழியாக முதலாளியின் தம்பி வாயில் சிகரெட்டோடு போய், "அட, ஏன் வெளிய நிக்கறீங்க, வாங்க" என்று கூப்பிட்டான்.

மாமா கூடத்துப் படி ஏறி வந்தார். நிமிர்ந்தபடி, இரண்டு நாள் தேய்த்துக் கழுவிய கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். அதில் என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி! இப்படி வாங்க, மேனேஜர் மா பக்கத்துல உக்காருங்க!" என்று முதலாளி இடதுபக்க முக்காலியைத் தட்டிக் காட்டினார்.

மாமா முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வயிறு சரியில்ல. வண்டியில கொஞ்ச நேரம் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க" என்றார். திரும்பினார். வந்த அதே நடையில் முற்றத்தைக் கடந்து போய், வேன் கதவைத் திறந்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாவம், பயணம் ஒத்துக்கல போலிருக்கு" என்றார் முதலாளி. அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவருக்கு அன்றைக்கு என்னைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நான் மறுபடி எழுந்தேன். மறுபடி அழுத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் யாயுன் தேநீர்க் கெண்டியோடு வந்தாள். சிவப்புப் பட்டு உடுப்பு, தலையில் தங்கநிறப் பூ. பெரியவர்கள் மேசைக்கு மணப்பெண் தேநீர் ஊற்றுவது முறைதான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. என் கிண்ணத்தின் மேல் குனிந்தாள். தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"லாவ் மா, மாமா வண்டியில போய் உக்காந்துட்டாரு. அம்மா அழறாங்க."

"பாத்தேன். எழுந்திரிக்க விடமாட்டேங்கறாங்க யாயுன்."

"உங்க மேல தப்பில்ல. ஆனா ஒண்ணு. அவரு சாப்பிடாம போனாருன்னா, நான் இந்த உடுப்போட போய் அந்த வண்டியில ஏறிடுவேன். ருய்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ருய் என்ன சொன்னான்?"

"அப்பாகிட்ட பேசறேன்னான். போனான். அவங்கப்பா அவன் கையில மதுக் குடுவையக் குடுத்து, மூணாவது மேசைக்கு ஊத்துன்னு அனுப்பிட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "நல்ல பையன்தான். ஆனா அவங்கப்பாவுக்கு முன்னால குரல் எழும்பாது. அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு மாமா அந்த நாற்காலியில உக்காரலன்னா, இந்த வீட்டுல எனக்காக யாரும் எப்பவும் வாயத் தொறக்கப்போறதில்ல."

அவள் வேடிக்கைக்குச் சொல்லுகிற பெண் அல்ல. அவள் கெட்டுப்போனது என்று சொன்ன கிண்ணம் எதுவும் பிறகு நல்லதாக ஆனதில்லை.

அப்போது முதல் தட்டுகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். என் முன்னால் பன்றியின் முழங்கால் இறைச்சி வந்தது. கூடம் முழுக்க மிளகாய் மணம். மேசையில் இருந்த அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். முற்றத்திலும் மேசை மேசையாகக் கழுத்துகள் கூடத்தின் பக்கம் திரும்பின. ஒருவரும் சாப்பாட்டுக் குச்சியைத் தொடவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாற்காலியில் இருப்பவன் குச்சியை எடுக்கும் வரை மற்றவர்கள் எடுக்கக்கூடாது. திங் முதலாளி என்னை அலங்காரத்துக்கு உட்கார வைத்திருந்தார். ஆனால் நாற்காலியைக் கொடுத்தவர் அதன் அதிகாரத்தையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார்.

"யாயுன்," என்றேன் மெதுவாக. "எனக்குப் பசிக்கல."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கெண்டி மூடியைச் சரிசெய்யும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தாள்.

நான் இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தேன். வசதியான நாற்காலி.

"ஆரம்பிங்க மேனேஜர் மா" என்றார் முதலாளி.

"ஆகட்டும்."

இரண்டாவது தட்டு வந்தது. மூன்றாவது வந்தது. வேகவைத்த மீன், மேலே நறுக்கிய சிவப்பு மிளகாய். தலை என் பக்கம் பார்த்திருந்தது. முற்றத்தில் பேச்சு குறைந்தது. ஒரு குழந்தை பசியில் அழுதது. அதன் அம்மா அதை அடக்கிவிட்டு என்னை முறைத்தாள். வேறு கல்யாணமாக இருந்தால் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"காரம் ஜாஸ்தியோ? காரமில்லாம வேற செய்யச் சொல்லட்டுமா?" என்று முதலாளி குனிந்தார்.

"நான் வந்த ஊருல இத விடக் காரமாத் திம்போம் முதலாளி."

"அப்புறம் என்ன? ஒரு வாய். ஒரே ஒரு வாய் எடுத்து வையுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"எப்படி எடுக்கறது? நான் பொண்ணு வீட்டு ஆளு. அவங்க வேன்ல வந்தவன். எங்க பெரியவரு வெளிய உக்காந்திருக்காரு. அவரு வாயில ஒண்ணும் படாம நான் எப்படிச் சாப்பிடறது?"

"அவருக்கு வயித்துவலி!"

"அப்ப சரியாகற வரைக்கும் காத்திருப்போம். எனக்கு அவசரமில்ல."

முதலாளியின் சிரிப்பு முகத்திலேயே தங்கி, ஓரங்களில் கெட்டியாக ஆரம்பித்தது. அந்த நேரத்தில் சமையல் கொட்டகையிலிருந்து பாங் அக்கா வந்தாள். அந்த வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைப்பவள். கையில் கரண்டி, காதில் சிகரெட்.

"என்னய்யா நடக்குது இங்க? மீனு ஆறுது. அடுத்து வறுத்த கறி. இப்ப வாணலியில போட்டா இப்பவே திங்கணும், ஆறிப்போனா நாயிகூட மோந்துட்டுப் போயிடும். யாரு வாயத் தொறக்கமாட்டேங்கறது? இந்தக் கறுத்த மனுசனா?"

"அவருக்கு அவங்க மாமா வரணுமாம்" என்றார் பக்கத்து முக்காலிக்காரர்.

"மாமாவா?" பாங் அக்கா என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், வாசலுக்கு வெளியே நின்ற வேனைப் பார்த்தாள். கல்யாணத்திலேயே காலம் தள்ளுகிறவளுக்கு ஒரு பார்வை போதும். "அட திங்கு! பொண்ணோட மாமன வெளிய வச்சிட்டு நாற்காலியில யார உக்காரவச்சிருக்க நீ? உனக்கு மூளையையும் சூளையில போட்டுச் சுட்டுட்டாங்களா?"

யாரோ முற்றத்தில் சிரித்தார்கள். முதலாளிக்குக் காது சிவந்தது. "ஏய், நீ போயி அடுப்பப் பாரு. இவரு வெளிநாட்டுக்காரரு, தூரத்துலேர்ந்து வந்திருக்கறவரு..."

"எங்க தூரத்துலேர்ந்து?" என்றேன். "சந்தைக்குப் பின்னால இருக்கு என் வீடு. பதினோரு வருசமா கறி வாங்கறது யாயுனோட மாமா கடையிலதான்."

அதுவரை கூடத்துத் தூணோரம் நின்றிருந்த முதலாளியின் மனைவி அப்போது முன்னால் வந்தாள். கையில் சிவப்புத் தட்டு, அதில் பாக்கும் சிகரெட்டும். தட்டை நேரே கணவன் நெஞ்சுக்கு எதிரே நீட்டினாள்.

"யோவ். நம்ம கல்யாணத்துல மாமனுக்குப் பதிலா வந்த எங்கண்ணன ரெண்டாவது முக்காலியில உக்காரவச்சாரு உங்கப்பா. ஞாபகம் இருக்கா?"

"அது வந்து..."

"எங்கண்ணன் என்ன செஞ்சான்?"

மேசையில் இருந்த வயதானவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "மேசையக் கவுத்தான். சூப்பு என் மடியில கொட்டுச்சு" என்றார்.

"அந்த மனுசன் மேசையக் கவுக்கல," என்றாள் அவள். "வயித்துவலின்னு சொல்லிட்டுச் சத்தமில்லாம போயி உக்காந்திருக்கான். அதுக்காகவாவது நீ போ. நாளைக்கு அந்தப் பொண்ணோட இந்த வீட்டுல இருக்கப்போறவ நான்."

முதலாளி தட்டை வாங்கினார். என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன். அவர் வெளியே நடந்தார்.

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ருய் மதுக் குடுவையை ஒரு மேசையில் வைத்துவிட்டு அப்பாவுக்குப் பின்னால் ஓடினான். நாற்காலியில் இருந்து எனக்குப் பேச்சு கேட்கவில்லை. முதலாளி வேன் ஜன்னலைத் தட்டினார். ஜன்னல் இறங்கியது. சிகரெட்டை நீட்டினார். உள்ளிருந்து கை எதுவும் வரவில்லை. பாக்கை நீட்டினார். அதற்கும் வரவில்லை. ருய் அப்பாவை விலக்கிவிட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டு ஏதோ சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். அவனுடைய குரல் எழும்பாது என்று யாயுன் சொன்னாள். எழும்பாத குரலுக்கும் அதற்கான இடம் உண்டு போலும். கடைசியில் ஒரு கை வெளியே வந்து தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்தது.

வேன் கதவு திறந்தது. முதலாளி முன்னால் வராமல் ஒரு அடி பின்னால் வந்தார். மாமா முன்னால். முதலாளியின் தம்பியும் வாயிலிருந்த சிகரெட்டை எறிந்துவிட்டு ஒரு சரவெடியை எடுத்துப்போய்க் கொளுத்தினான். இந்த முறை யாரும் புகைக்குள் தொலைந்துபோகவில்லை.

கூடத்துப் படியில் முதலாளி நின்றார். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. வேனிலிருந்து வரும் வழியில் யோசித்திருப்பார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"குளிருக்கு மர நாற்காலி சில்லுன்னு இருக்கும்ல? சம்பந்திக்குச் சூடா இருக்கட்டும்னு மேனேஜர் மாவ உக்காரவச்சேன். நீங்கள்லாம் தப்பா நினைச்சிட்டீங்க!"

நல்ல வழி. எனக்கும் அதில் நுழைய இடமிருந்தது. இந்த முறை எழுந்தபோது யாரும் தோளை அழுத்தவில்லை.

"மாமா, நாற்காலி நல்லாச் சூடாயிடுச்சு. உக்காருங்க" என்றேன்.

கூடம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. நாற்காலியின் முன்னால் வந்து நின்று, உள்ளங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தார்.

"சூடாத்தான் இருக்கு" என்றார். "ஆனா லாவ் மா, கறிக்கடைக்காரன் நாற்காலிய நீ கொஞ்சம் அதிகமாவே சூடாக்கிட்ட."

உட்கார்ந்தார். கைகளை மேசையின் மேல் வைத்தார். அவசரப்படவில்லை. கூடத்தை ஒருமுறை பார்த்தார், முற்றத்தை ஒருமுறை பார்த்தார். கடைசி மேசை வரைக்கும் பார்வை போய்த் திரும்பியது. தூணோரம் யாயுன் கெண்டியோடு நின்றாள். பக்கத்தில் ருய். யாயுனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காததுபோல் நின்றாள். மாமா குச்சியை எடுத்தார். மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளி வாயில் வைத்து மென்றார்.

"ஆறிப்போச்சு," என்றார். "ஆனா நல்லாருக்கு."

அந்தக் கணத்தில் முற்றம் முழுக்கக் குச்சிகள் எழுந்த சத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து பாங் அக்கா கத்தினாள். "வறுத்த கறி போடுங்கடி! இனிமே எவனாவது நிறுத்தினான்னா வாணலியால அடிப்பேன்!"

நான் இடதுபக்க முக்காலியில் உட்கார்ந்தேன். பிறகு மதுக் கிண்ணங்கள் வரிசையாக வந்தன. முதலாளிகள் எல்லோரும் மாமாவிடம் வந்து குடித்தார்கள். திங் முதலாளி இரண்டு முறை வந்தார். யாயுனும் ருய்யும் வந்து நின்றபோது மட்டும் மாமா எழுந்தார். முதல் நாற்காலிக்காரர் எழ வேண்டியதில்லை. எழுந்து, யாயுனின் கிண்ணத்தோடு தன் கிண்ணத்தை மோதி, ருய் பக்கம் திரும்பினார்.

"வேன்ல என்கிட்ட சொன்னியே. அத மறந்துடாத."

"மறக்கமாட்டேன் மாமா."

என்ன சொன்னான் என்று நான் இதுவரை கேட்கவில்லை. யாயுனுக்குத் தெரிந்திருக்கும்.

வறுத்த கறித் தட்டு என் பக்கம் சுற்றி வந்தது. பாங் அக்காவின் வறுவலுக்காகவே கல்யாணம் போகிறவர்கள் உண்டு. முதல் துண்டை எடுத்தேன். மாமா சாப்பாடு முடிந்தது என்பதுபோல் குச்சியைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தார்.

"லாவ் மா, எழுந்திரு. பொண்ணு வீட்டுக்காரங்க கிளம்பற நேரம்."

பெண் வீட்டார்தான் முதலில் கிளம்ப வேண்டும். அவர்கள் போகாமல் வேறு விருந்தாளி யாரும் போக முடியாது. அதிக நேரம் இருந்தால் பெண்ணை விட மனமில்லை என்று பேச்சு வரும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கறியைப் பார்த்தேன்.

"மேனேஜர் மா இருக்கட்டுமே!" என்று திங் முதலாளி என் முழங்கையைத் தேடினார். "இன்னும் நாலு தட்டு இருக்கு. படம்கூட இன்னும் எடுக்கல."

மாமா அவருடைய கையை மெதுவாக விலக்கினார். "எங்க ஆளு" என்றார்.

வெளியே வரும்போது யாயுன் பின்னால் வரவில்லை. மணப்பெண் வழியனுப்ப வரக்கூடாது. கூடத்து வாசலில் நின்று பார்த்தாள். முறைப்படி நாங்களும் போய்வருகிறோம் என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் வெடி வெடித்தது. வேன் கிளம்பியதும் யாயுனின் அம்மா பின் இருக்கையில் சாய்ந்து உடனே தூங்கிப்போனாள்.

சந்தைத் திருப்பத்துக்கு முன்னால் ஒரு அரிசி நூடுல்ஸ் கடை உண்டு. மாமா ஓட்டுநரின் தோளைத் தட்டினார்.

"நிறுத்து. பசி உயிர் போகுது."

"இப்பத்தானே மாமா சாப்பிட்டீங்க?" என்றேன்.

"நீ பாத்தியா நான் சாப்பிட்டத? ஒரு துண்டு மீனு, அதுவும் ஆறினது. மத்ததெல்லாம் மது. அந்த நாற்காலியில உக்காந்து எவனாவது வயிறாரத் தின்னிருக்கானா? எல்லாக் கண்ணும் நம்ம வாய்க்குள்ளயே இருக்கு."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியுமா! நீ சூடாக்கினவன்தானே, உனக்குத் தெரியாம என்ன." அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

மற்றவர்களை வேனில் விட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம். கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலிகள் காலியாக இருந்தன. பழக்க தோஷத்தில் அடுப்பை ஒட்டிய முக்காலியில் நான் உட்கார்ந்தேன். மாமா எதிரில் உட்கார்ந்தார். கிண்ணங்கள் வந்தன. சூடான சூப், மேலே நறுக்கிய வெங்காயத் தாள், ஊறவைத்த மிளகாய். மாமா தன் கைகளை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

நான் குச்சியைத் தொடாமல் காத்திருந்தேன்.

அவர் முதல் வாயைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"என்னடா?"

"நீங்க ஆரம்பிங்க மாமா."

"தின்னு," என்றார், வாய் நிறைய நூடுல்ஸோடு. "ஆறிடும்."